உப்பனாற்றங்கரையில் லிம்மின் தகடு

சிதம்பரத்தில் என் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். நான் வியாழக்கிழமை காலையிலேயே போய் இறங்கினேன். சீக்கிரம் வந்துவிட்டீர்களே என்று கல்யாண வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அதற்குக் காரணம் கல்யாணம் அல்ல, கடலூரில் ஒரு டப்பா என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் விளங்க வைக்க அரை நாள் ஆகும்.

இங்கே சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று ஒரு பொழுதுபோக்கு. யாரோ ஒருவர் சின்ன டப்பா ஒன்றை ஓர் இடத்தில் ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையதளத்தில் போடுவார். முன்பின் தெரியாத மற்றவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் பின்தொடர்ந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பரிசு கிடையாது. வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் தேடுவது முக்கியமான விதி. தெரிந்தால் டப்பா காணாமல் போய்விடும் என்ற பயம்.

நான் சிங்கப்பூரில் பல வருடங்களாக லிம் என்பவரோடு சேர்ந்து இப்படித் தேடி வருகிறேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். சிறுநீரகம் செயலிழந்த பிறகு செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவருக்கு ரத்தச் சுத்திகரிப்பு. ஊரைவிட்டு எங்கும் போக முடியாது. அதனால் தன் பங்குக்கு ஒரு தகட்டை ஊர் சுற்ற அனுப்பினார். கட்டைவிரல் அகலத்தில் எண் பொறித்த உலோகத் தகடு அது. ஒரு டப்பாவில் போட்டால், அடுத்து வருகிறவர் எடுத்துப்போய் வேறு ஊர் டப்பாவில் போடுவார். போகிற இடமெல்லாம் இணையதளத்தில் ஒரு வரைபடத்தில் கோடாக நீளும். லிம்மின் தகடு பினாங்கு போனது, கொழும்பு போனது, சென்னை வந்தது, பிறகு கடலூர். அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் கோடு நகரவில்லை. அவர் தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார் என்று அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்.

கிளம்புவதற்கு முன்தினம் லிம் சொன்னது இவ்வளவுதான்: "இருந்தால் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடு. இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு. நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறேன். தினமும் பார்ப்பது நல்லதில்லை."

சிதம்பரத்தில் வியாழக்கிழமை மாலை தமிழ்ச்செல்வியைப் பார்க்கப் போனேன். கடலூர் டப்பாவை ஒளித்து வைத்தவர் அவர்தான். மேல வீதிக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இணையத்தில் பார்த்த பெயரை நேரில் பார்க்கும்போது இருவருக்கும் ஒரு கூச்சம் இருந்தது. அதைப் போக்கியது அவர் வீட்டு இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். சிங்கப்பூரில் கொத்சு என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அது வேறு எதுவோ என்று அன்றைக்குத் தெரிந்தது. புளியும் சுட்ட கத்தரிக்காயும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்து நடந்துகொள்கின்றன.

"உங்கள் குழுவில் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"மாவட்டம் பூரா சேத்து நாலு பேரு சார். எங்க வீட்டுக்காரரையும் சேத்துதான். அவரு வண்டி ஓட்டத்தான் வருவாரு. டப்பா கெடைக்கிற வரைக்கும் டீக்கடையில ஒக்காந்துருப்பாரு."

உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது. "டீக்கடையிலதான் மொத டப்பாவ நான் கண்டுபுடிச்சேன். அத சொல்லு."

"அது சக்கர டப்பா சார்," என்றார் தமிழ்ச்செல்வி.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் எங்காவது கூடுவார்களாம். பிச்சாவரத்தில் ஒரு டப்பா, திருவந்திபுரத்தில் ஆற்றுப்பக்கம் ஒரு டப்பா, திருவதிகையில் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் அன்றைக்குக் குழுவில் திருவிழா. கடலூர் டப்பாவை அவர் நேரில் போய்ப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கடை, பிள்ளைகளின் பரீட்சை, மாமியாருக்குக் கால் முறிவு. ஆனால் அவ்வப்போது யாராவது "கிடைத்தது" என்று இணையத்தில் பதிவு போடுகிறார்கள், அதனால் டப்பா பத்திரமாக இருக்கிறது என்றார். "கடலூர் ஓ.டி.யில பழைய படகுத்துற ஒண்ணு இருக்கு சார், உப்பனாத்தங்கரையில. கல்லு கல்லா படிக்கட்டு. தண்ணி எறங்கும்போது போங்க."

வெள்ளிக்கிழமை காலை கடலூருக்குப் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் நடத்துநரைப் பிடித்துக்கொண்டார். "முகூர்த்தத்துக்குப் போறேன்யா. இப்பதான் வெடிக்கணுமா?"

"டயருக்கு இன்னா தெரியும், நீ கல்யாணத்துக்குப் போறியா கடைக்குப் போறியான்னு? அடுத்த வண்டி வருது, ஏத்தி உடுறேன். சாப்பாட்டுக்குப் போயிடுவே."

"தாலி கட்டுறத பாக்க வேணாமா?"

"வீடியோ எடுப்பாங்க இல்ல?"

புளியமர நிழலில் நின்ற சிறிது நேரத்தில் நான் எங்கிருந்து வருகிறேன், எத்தனை பிள்ளைகள், ஏன் தனியாக வந்தேன் என்பதெல்லாம் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. பண்ருட்டிக்காரர் ஒருவர் கை நிறைய முந்திரி கொடுத்தார். வறுக்காத பருப்பு. பால் போல இருந்தது. சிங்கப்பூரில் ஒரே பஸ்ஸில் ஒரே இருக்கையில் பல வருடம் போய் வந்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. டப்பா தேடுகிறவனுக்கு அது வசதியான ஊர். பூங்கா பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கடலூரைப் பற்றி நான் படித்திருந்ததெல்லாம் கோட்டை, கப்பல், கம்பெனிகளின் சண்டை. ஓ.டி. என்று சொல்லப்படும் பழைய நகரத்தில் இறங்கியபோது எதிரே வந்தது கருவாட்டு வாசனையும் ஐஸ் உடைக்கிற சத்தமும். படித்ததை மடித்து வைத்துவிட்டேன். படகுத்துறையைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. மீன் இறங்குதளத்திலிருந்து சற்றுத் தள்ளி, யாரும் இப்போது பயன்படுத்தாத கல் படிகள். பக்கத்தில் ஓலையும் தகரமும் போட்ட வலைக்கொட்டகை. உள்ளே இரண்டு மூன்று பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வற்றிக் கீழ்ப்படிகள் பாசியோடு தெரிந்தன.

படியிடுக்குகளில் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து நீலக் கைலி கட்டிய ஒருவர் எழுந்து என்னை நோக்கி வந்தார். விதி எனக்கு மறக்கவில்லை. போனைக் காதில் வைத்து, இல்லாத ஒருவரிடம் அரிசி விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தேன். அவர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்ததாக நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கிடைத்தது. மேல்படியின் ஓரத்தில், ஒரு கல்லுக்கு அடியில் வெள்ளை மாத்திரைப் புட்டி. உள்ளே சுருட்டிய தாள், சில கையெழுத்துகள். நானும் பெயரெழுதித் தேதி போட்டேன். புட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். தகடு இல்லை.

அங்கேயே படியில் உட்கார்ந்தேன். லிம்முக்கு என்ன எழுதுவது என்று புரியவில்லை. "இல்லை" என்ற ஒரு சொல்லைத் தட்டி, அனுப்பாமல் அழித்தேன். பிறகு புட்டியைப் படம் எடுத்துத் தமிழ்ச்செல்விக்கு அனுப்பிவிட்டு, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சுறாப்புட்டோடு சோறு சாப்பிட்டேன். நல்ல சுறாப்புட்டு. வருத்தத்தோடு சாப்பிட்டதற்காக அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இலையை எடுப்பதற்குள் தமிழ்ச்செல்வி அழைத்தார். "சார், இது என் டப்பா இல்ல! நான் வெச்சது எவர்சில்வர் சம்படம். சைக்கிள் டியூப்ப சுத்தி, நைலான் கயித்துல கட்டி, கீழ்ப்படி சந்துல தொங்க உட்டேன். இந்த மாத்திரப் புட்டிய எவன் வெச்சான்?"

எவன் என்பது அன்று மாலையே தெரிந்தது. குழுவின் இன்னொருவரான பரங்கிப்பேட்டை சையது. அலுமினிய ஜன்னல் பொருத்துகிற தொழில். சனிக்கிழமை காலை இருவரும் என்னோடு படகுத்துறைக்கு வந்தார்கள். தமிழ்ச்செல்வியின் கணவர் வழக்கம்போல டீக்கடையில் இறங்கிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதக்கா," என்றார் சையது. "முந்தின வருஷம் மழைக்கு அப்புறம் வந்து பாத்தேன், டப்பா இல்ல. ஒனக்கு மாமியாருக்கு ஒடம்பு முடியல. இதுல டப்பா போச்சுன்னு வேற சொல்லணுமான்னு, பையில இருந்த புட்டிய வெச்சுட்டேன்."

"வெச்சத சொன்னியா?"

"சொன்னா நீ அழுவ."

"இப்ப மட்டும் சிரிக்கிறேனா? ஒரு வருஷமா வர்றவன் எல்லாம் ஒன் சுகர் மாத்திரப் புட்டியில கையெழுத்து போட்டுட்டுப் போயிருக்கான்!"

"சுகர் இல்லக்கா, வைட்டமின்."

டப்பா கிடைக்காதவர் தன் டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் போவது எங்கள் கூட்டத்தில் எல்லா ஊரிலும் நடக்கிற தப்பு. பெரும்பாலும் தானும் கண்டுபிடித்ததாகக் கணக்குக் காட்டுவதற்குச் செய்வார்கள். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று செய்தவரை நான் முதன்முறையாகப் பார்த்தேன். கோபம் வரவில்லை. எனக்கு அதில் ஒரு நம்பிக்கையும் வந்தது. மாத்திரைப் புட்டியில் தகடு இல்லாதது இயல்புதான். அது இருக்க வேண்டியது சம்படத்தில்.

மூன்று பேருமாகத் தேடினோம். ஒவ்வொரு படிச் சந்திலும் கைவிட்டோம். நண்டு ஒன்று சையதின் விரலைப் பிடித்தது. சேறு முழங்கால் வரை ஏறியது. தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியபோது, நேற்றுப் பார்த்த அதே நீலக் கைலிக்காரர் கொட்டகையிலிருந்து வந்தார். மூன்று பேரும் ஒரே கணத்தில் போனைக் காதுக்குக் கொண்டுபோனோம்.

அவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "யோவ், போன வைங்கய்யா! மூணு பேரும் ஒரே நேரத்துல யாருகிட்ட பேசுறீங்க, கலெக்டர்கிட்டயா?"

சையது அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"நானும் பாக்குறேன். வர்றவன் எல்லாம் இந்தப் படியையே தடவுறான். பாவமா இருக்கே, சொல்லலாம்னு கிட்ட வந்தா, போன காதுல வெச்சுக்கினு ஓடுறான். நேத்து இந்த மாமா," என்று என்னைக் காட்டினார், "அரிசி வெல பேசுறாரு. ஆத்துல எறங்கி நின்னுக்கினு அரிசி வெல பேசுற ஆள இப்பதான் பாக்குறேன்."

தமிழ்ச்செல்விதான் முதலில் போனை இறக்கினார். "ஒரு சம்படம்ணே. சின்னது. இங்க தொங்குச்சு."

"அட, அந்த டப்பாவா! மழைத்தண்ணி ஏறுச்சுல்ல, அடிச்சுக்கினு போயிடும்னு நான்தான் எடுத்தேன். கொட்டாயி உத்தரத்துல கட்டியிருக்கேன், பாரு. நீங்க எல்லாம் கீழயே பாக்குறீங்க."

கொட்டகைக்குள் போய் அண்ணாந்து பார்த்தோம். உத்தரத்தில், மிதவைக் கட்டைகளுக்கு நடுவில், சைக்கிள் டியூப் சுற்றிய சம்படம் தொங்கியது. தமிழ்ச்செல்வி அதைக் கையில் வாங்கித் துடைத்த விதத்தைப் பார்த்து, சையது அழுவாய் என்று சொன்னது சரிதான் என்று பட்டது.

அவர் பெயர் கலியமூர்த்தி. விசைப்படகு வைத்திருக்கிறார். வேடிக்கை பார்க்கிறவர்களிடமிருந்து டப்பாவைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் எல்லோரும் இத்தனை மாதமாக ஓடி ஒளிந்திருக்கிறோம், டப்பாவைக் காப்பாற்றியவரைப் பார்த்து. இதைச் சொன்னபோது, "என்னமோ போங்க. காதல் சமாச்சாரம்னு நெனச்சேன்," என்றார். "கொட்டாயில பந்தயமே நடந்துச்சு. நான் காதல்னேன். என் மச்சான் பேய் ஓட்டுறாங்கன்னான்."

சம்படத்தைத் திறந்தோம். நனைந்து காய்ந்த தாள், ஒரு பொம்மைக் கார், பித்தளை மோதிரம். தகடு இல்லை.

நான் தாளை உதறிப் பார்த்தேன். சையதுதான் கேட்டார், "மச்சான், இதுல ஒரு தகடு இருந்துச்சா? நம்பரு போட்டு?"

"இருந்துச்சு," என்றார் கலியமூர்த்தி. முதன்முறையாக அவர் குரல் இறங்கியது. "சாவிக்கொத்துக்கு நல்லா இருக்கேன்னு எடுத்தேன். படகு சாவியில கெடக்கு. இன்னாத்துக்கு, அது யாருதாவது முக்கியமானதா?"

படகு இறங்குதளத்தில் நின்றது. முகப்பில் பச்சைவாழியம்மன் பெயர். எஞ்சின் சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது லிம்மின் தகடு. ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது. என் சட்டைப்பைச் சீட்டில் இருந்த எண்ணோடு ஒத்துப்பார்த்தேன், தேவையில்லாமல் இரண்டு முறை.

சனிக்கிழமை. சிங்கப்பூரில் அந்நேரம் லிம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பார். வீடியோவில் அழைத்தேன். போர்வையும் வாடிய முகமும் தெரிந்தன. தகட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனுக்குள் வந்துவிடுவது போலப் பார்த்தார்.

"எங்கே இருந்தது?"

சொன்னேன். கலியமூர்த்தி சாவியிலிருந்து தகட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார். வளையம் துருப்பிடித்து வரவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தார். "அவுரு பொருளு, அவுருக்கு அனுப்பிடுங்க. தெரியாம எடுத்துட்டேன்னு சொல்லுங்க மாமா." லிம்முக்கு நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

லிம் மன்னிப்பைக் கவனிக்கவில்லை. "அந்தப் படகு கடலுக்குப் போகிறதா?"

"இன்னாங்கறாரு?"

"கடலுக்குப் போகிறதா என்று கேட்கிறார்."

"இது என்னா கேள்வி? காத்து அடிச்சா போவ மாட்டோம். மத்தபடி டெய்லி போறதுதான். விடியறதுக்கு முன்ன கெளம்புவோம். கானாங்கெளுத்தி ஓடுச்சுன்னா ரொம்ப தூரம் போவோம். கரையே தெரியாது."

நான் மொழிபெயர்த்தேன். லிம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நின்றுவிட்டது என்று நினைத்தேன்," என்றார். "ஒரு வருடமாக அது நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் கடலுக்கா போயிருக்கிறது?" பிறகு, "கழற்ற வேண்டாம் என்று சொல்."

சொன்னேன். கலியமூர்த்தி ஒப்புக்கொள்ளவில்லை. "இல்ல மாமா, அது நாலு நாடு பாக்கணும்னு கெளம்பியிருக்கு. நான் போயிட்டு இதே கரைக்குத்தான் வருவேன். இதுல என்னா இருக்கு?"

இதையும் சொன்னேன். லிம் சிரித்தார். "நானும் வாரத்துக்கு மூன்று நாள் போய்விட்டு இதே வீட்டுக்குத்தான் வருகிறேன். அதில் நிறைய இருக்கிறது என்று சொல்."

கலியமூர்த்தி இதைக் கேட்டுவிட்டு என் போனைப் பார்த்தார். லிம்மின் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாய்களை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். வளையத்தைக் கடிப்பதை நிறுத்தினார். "அவுரு வந்தா ஏத்திக்கினு போறேன்னு சொல்லுங்க. வாந்தி எடுத்தா நான் பொறுப்பில்ல." நான் தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தேன். லிம் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்து, கையை ஆட்டக் கூடாது என்று அதட்டினார்.

தமிழ்ச்செல்வி அங்கேயே கலியமூர்த்தியின் போனில் இணையதளக் கணக்குத் திறந்தார். பெயர் என்ன என்று கேட்டதற்குப் "பச்சைவாழி" என்றார். லிம்மின் தகடு பச்சைவாழியின் கையில் இருக்கிறது என்று முறையாகப் பதிவானது. குழுவில் ஆள் ஐந்தாயிற்று. சம்படத்தை அதே உத்தரத்தில் கட்டினார்கள். தமிழ்ச்செல்வி இணையத்தில் குறிப்பை மாற்றி எழுதியது எங்கள் விதிகளுக்கு நேர் எதிரானது: "கீழே தேட வேண்டாம். கொட்டகையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். போனைக் காதில் வைக்காதீர்கள்."

மதியம் கலியமூர்த்தி வீட்டில் மீன் குழம்பு. சையதின் விரலுக்கு அந்த வீட்டம்மாள் மஞ்சள் வைத்துக் கட்டினார். "ஜன்னல் மாட்டுறவன் எல்லாம் நண்டு புடிக்கப் போனா இப்படித்தான்," என்றார் கலியமூர்த்தி. "ஜன்னல்ல நண்டு இல்ல மச்சான், அதான் போனேன்," என்றார் சையது. மறுநாள் முகூர்த்தத்தில் என் சட்டையில் மீன்வாசனை இருந்ததாகச் சித்தப்பா சொன்னார். இருந்திருக்கலாம்.

நான் ஊர் திரும்பிய பிறகு தகட்டின் பக்கத்தில் குறிப்புகள் வரத் தொடங்கின. வரைபடத்தில் கோடு நீளவில்லை. கீழே குறிப்புகள்தான் நீண்டன. "இன்னைக்கு கானாங்கெளுத்தி. தகடு நல்லா இருக்கு." "காத்து ஜாஸ்தி. போவல." "சங்கரா. ஐஸ் பத்தல." லிம் கணினியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். சங்கரா என்பது ஆள் பெயரா, மீன் பெயரா என்று ஒரு நாள் கேட்டார். சந்தைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். வாங்கினார். சமைத்தார். மருத்துவர் அளவாகத்தான் சாப்பிடச் சொல்லியிருந்தார் என்றாலும் சாப்பிட்டார்.

ஏப்ரல் பாதியில் குறிப்புகள் நின்றன. சில நாள் பொறுத்துவிட்டு லிம் அழைத்தார். "ஒன்றும் வரவில்லை. புயலா?"

"இல்லை. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போக அரசாங்கத் தடை. வருடா வருடம் உண்டு."

"அவர் என்ன செய்வார்?"

"கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார். எஞ்சினைப் பிரித்துச் சரிபார்ப்பார்."

"உட்கார்ந்திருப்பது கஷ்டம், எனக்குத் தெரியும் என்று எழுது."

எழுதினேன். மாலையில் பச்சைவாழியின் பதில் வந்தது, பிரித்துப்போட்ட எஞ்சினின் படத்தோடு: "அவுர ஒடம்ப பாத்துக்க சொல்லுங்க மாமா. தடை முடிஞ்சதும் சேந்தே கெளம்புவோம்."

மொழிபெயர்த்து லிம்முக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரே சொல் திரும்பி வந்தது.

"தேதி?"

ஜூன் பதினைந்து என்று அனுப்பினேன்.